பெருக்கல் குறியை அழுத்திய ஏழு மாதம்

வைகாசி பிறந்தால் என் கடையில் கதிரை காணாது. களுவாஞ்சிகுடியில், கல்முனைக்குப் போகிற வீதியோரம், ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு பிறின்டர், ஒரு கணினி. கடை அவ்வளவுதான். மற்ற மாதங்களில் வேலை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, தவணைப் பரீட்சைத் தாள் என்று ஓடும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு. நோட்டீஸ், எந்த நாள் எந்தக் குடியாரின் பூசை என்ற பட்டியல், நன்கொடை ரிசீட் புத்தகம் எல்லாம் ஒரே கிழமையில் வந்து விழும்.

2024 வைகாசியிலும் அப்படித்தான். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து வந்த ஒரு கோயில் செயலாளர், நோட்டீஸ் அடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'திருக்குளிர்த்தி' என்று அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். திரையில் 'தி' மட்டும் நின்றது. கொஞ்சம் பொறுத்து 'திரு'. பிறகு மிச்சமெல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தது. பக்கத்தை மேலே தள்ளினால் பழைய வரியின் கால்கள் புதிய வரிக்கு மேல் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால் பின்னால் அதன் பிரதிகள் சீட்டுக்கட்டை விரித்த மாதிரி வந்தன. பெட்டிக்குள் ஃபேன் அரிசி மில் போல இரைந்தது.

"புள்ள, மறுகா வரட்டா?" என்றார் அவர்.

அந்த 'மறுகா'தான், அதாவது 'பிறகு'தான், எனக்குச் சுட்டது. மறுகா வாறன் என்று போகிறவர் கல்முனையில் அடித்துக்கொண்டு போய்விடுவார். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் இந்தக் கணினிக்கு உண்மையில் என்ன வருத்தம் என்று எனக்குத் தெரிய வந்தது. வருத்தத்தைக் கொடுத்தது நான்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

முதலில் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்தபோது புதிது வாங்குகிற எண்ணமே போய்விட்டது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் விட்டு விட்டு வந்த கரண்டில் என் பழைய மெஷினின் பவர் சப்ளை செத்தது. ஒரு வருடத்துக்கு மேல் இரவல் லப்டொப்பில் காலம் தள்ளினேன். 2023 கார்த்திகையில் காத்தான்குடியில் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் இதை எடுத்தேன். இன்டெல் ஐ3-2120. அந்த வரிசை புரொசசர்கள் 2011இல் வந்தவை. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே, திரைக்குப் படம் வரைவதற்கென்று தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் குத்தியிருந்தது. "தங்கச்சி, கார்ட் சும்மா வாற சாமான், கழட்ட வேணாம்" என்றார் கடைக்கார நானா. சும்மா வருவதைக் கழற்றுகிற பழக்கம் எனக்கும் இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டதற்குக் காரணம் பென் ட்ரைவ். ஒரு நாளைக்கு முப்பது பேரின் பென் ட்ரைவ் என் கணினியில் ஏறி இறங்கும். விண்டோஸில் இருந்த காலத்தில் கிழமைக்கு ஒருமுறை யாராவது ஒருவரின் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிப்போகும், பிறகு அந்த வைரஸை நான் மற்றவர்களுக்குப் பங்கு வைப்பேன். வெட்கக்கேடு. கல்முனையில் படிக்கிற என் அண்ணன் மகன், லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்டைப் பரிந்துரைத்தான். சினமன் என்ற டெஸ்க்டொப்போடு வருவது பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும், மாமிக்குப் பழகும் என்றான். பழகியது. பாமினி எழுத்துருவை ஃபோல்டரில் போட்டால் பழைய ஆவணங்கள் எல்லாம் திறக்கின்றன. யுனிகோடில் அடிக்க, நம் நாட்டுத் தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் கிடைக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் வந்தது. மின்ட் போடும்போது முதல் மெனுவைத் தாண்டியதும் திரை கறுத்துவிட்டது. மருமகனுக்குப் போன் எடுத்தேன். "மாமி, மெனுவில கொம்பாட்டிபிலிட்டி மோட் எண்டு ஒண்டு கிடக்கும், அதைக் குடுங்க" என்றான். கொடுத்தேன், வந்தது. போட்டு முடித்து ரீஸ்டார்ட் பண்ணினால் திரும்பவும் கறுப்பு. அடுத்த போன். கணினி எழும்பும்போது முதலில் வருகிற க்ரப் மெனுவில் 'ஈ' எழுத்தை அழுத்து, லினக்ஸ் என்று தொடங்குகிற வரியின் கடைசியில் நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர் என்றான். வந்தது. ஒவ்வொரு நாளும் இதைச் செய்ய முடியாதே என்று அந்தச் சொல்லை நிரந்தரமாக எழுதி வைக்கிற வழியையும் வட்ஸ்அப்பில் அனுப்பினான். எழுதி வைத்தேன். "மறுகா சரியான ட்ரைவரைப் போட்டுட்டு அதை எடுத்திரலாம்" என்று கடைசியில் ஒரு வரியும் அனுப்பியிருந்தான். அது மார்கழி வரும் காலம், பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடந்தன. ட்ரைவர் என்பது கார்டோடு பேசி அதை ஓட்டுகிற மென்பொருள். ட்ரைவர் மனேஜரைத் திறந்து பார்த்தேன், ஒன்றையும் காட்டவில்லை. அந்த வயது கார்டுக்கு ட்ரைவர் கொடுப்பதைச் செய்தவர்களே நிறுத்திவிட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அப்போது மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து கணினி மெதுவாகத்தான் ஓடியது. பழைய சாமான், 4 ஜிபி, இதில் இவ்வளவுதான் வரும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மாசியில் ஒரு நாள் பெட்டிக்குள்ளிருந்து கருகல் மணம். திறந்து பார்த்தால் கிராபிக்ஸ் கார்டின் சின்ன ஃபேன் சுற்றாமல் இறுகிப்போய் இருந்தது. கடல் அரை மைல் தூரத்தில், உப்புக் காற்று வீசாத நாள் இல்லை, தூசியும் உப்பும் சேர்ந்து களிமண் மாதிரிப் படிந்திருந்தது. கார்டைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டு, மொனிட்டர் வயரை மதர்போர்டில் இருந்த விஜிஏ ஓட்டையில் குத்தினேன். படம் வந்தது. கிராபிக்ஸ் கார்ட் போய்விட்டதே, இனி இன்னும் மெதுவாகும் என்று பயந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே மெதுவு, அதே கால் நீண்ட வரிகள்.

சந்தோஷப்பட்டேன். ஒரு வேலையாளை நிற்பாட்டியும் வேலையில் ஒரு மாற்றமும் இல்லையென்றால், அவர் அதுவரை வேலையே செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? அந்தக் கேள்வி அன்று எனக்கு எழவில்லை.

அதற்குப் பிறகு காசு செலவழிக்கிற படலம். முதலில் பழைய 4 ஜிபி ராம் ஒன்று வாங்கி 8 ஆக்கினேன். குத்தும்போது பழைய ராமின் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்தேன். பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் மூச்சு வாங்கவில்லை, அது உண்மை. எழுத்து வருகிற வேகம் மாறவில்லை. பிறகு 240 ஜிபி எஸ்எஸ்டி, ஒன்பதாயிரத்துச் சொச்சம். பழைய டிஸ்க்கை அப்படியே அதற்குப் பிரதி எடுத்தோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த கணினி அரை நிமிடத்தில் எழும்பியது. எழும்பி வந்து அதே மாதிரி இழுத்தது. புரொசசருக்குப் பேஸ்ட் மாற்றினேன். ராம் நிரம்பினால் டிஸ்க்கைப் பயன்படுத்துகிற ஸ்வொப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். சினமனின் அசைவு விளைவுகளை எல்லாம் நிற்பாட்டினேன், கொஞ்சம் நிம்மதி. பக்கத்து ஹார்ட்வெயார் கடைத் தம்பி, "வோல்டேஜ் பிழை அக்கா, ஸ்டெபிலைசர் ஒண்டு போடுங்க" என்றார். நல்லவேளை, அதை வாங்கவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. என் மொனிட்டர் 1600க்கு 900. ஆனால் டிஸ்பிளே செட்டிங்கைத் திறந்தால் 1024க்கு 768 மட்டும்தான் இருந்தது, தெரிவு செய்ய வேறு எதுவும் இல்லை. நான்குக்கு மூன்று விகிதப் படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் இழுத்து விரித்தால் எல்லாம் இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். கோயில் முத்திரை வட்டம் திரையில் முட்டை மாதிரிப் படுத்துக் கிடந்தது. தைப்பூச நோட்டீஸில் அதைத் திரையில் வட்டமாகத் தெரியும்வரை பக்கவாட்டில் நெருக்கினேன். பிறின்டில் அது நிமிர்ந்து நின்ற முட்டையாக வந்தது. முந்நூறு தாள். யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திரையை நம்பாமல் அளவுகோலால் பிறின்டை அளந்து பார்க்கப் பழகிக்கொண்டேன். மனிதர் எதற்குத்தான் பழகமாட்டார்!

இனி அந்த இரண்டு நாள் கழித்து வந்த காலை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற ஒரு பிள்ளை செயற்றிட்டம் ஒன்றைப் பிறின்ட் எடுக்க வந்திருந்தாள். கணினியைப் போட்டேன். வழக்கம்போல வலது பக்க மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. வழக்கம்போல என் கை அதன் பெருக்கல் குறிக்குப் போனது.

"அன்ரி, பொறுங்க, அதில என்ன கிடக்கு?" என்றாள்.

"அது ஒவ்வொரு நாளும் வாறது மகள்."

"வாசிச்சீங்களா?"

வாசிக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வரி, மூலையில் வருவது, அழுத்தினால் போய்விடுவது. ஏழு மாதம் ஒவ்வொரு காலையும் மூடியிருக்கிறேன். அவள் வாசித்துச் சொன்னாள்: வீடியோ ட்ரைவரைப் பாருங்கள், உங்கள் கணினி இப்போது கிராபிக்ஸ் வன்பொருளின் உதவி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, வேகம் குறையலாம், புரொசசருக்குச் சுமை கூடலாம்.

பிறின்டுக்குக் காசு வாங்கவில்லை. இரவு கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து பார்க்கத் தொடங்கினேன்.

முதலில், கட்டளைகளை எழுத்தில் அடிக்கிற டெர்மினலைத் திறந்து டாப் என்ற கட்டளை. யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று அது வரிசையாகக் காட்டும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே மேலே நின்றது சினமன். மௌஸைப் பிடித்து ஒரு விண்டோவை ஆட்டினால் 180க்கு மேல் ஏறியது. டாப்பில் நூறு என்பது ஒரு புரொசசர் இழையின் முழு உழைப்பு. ஐ3-2120இல் அப்படி நாலு இழை. ஆக, ஒரு பெட்டியை நகர்த்த என் கணினி பாதி உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ராம் பக்கம் பார்த்தால் 8 ஜிபியில் ஆறு சும்மா கிடந்தது. ராம் வாங்கும் முன் இந்த ஒரு திரையைப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது இன்க்ஸி, கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிற கட்டளை. மின்டில் அது ஏற்கெனவே இருக்கும். இன்க்ஸி என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடும் பெரிய ஜியும் போட்டால் கிராபிக்ஸ் விபரம் மட்டும் வரும். அதில் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். கருவி என்ற இடத்தில் இன்டெல் என்று சரியாகவே இருந்தது. அதே வரியில் ட்ரைவர் என்ற இடத்தில் 'இல்லை' என்ற குறி. கடைசியில் ரெண்டரர் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தது.

இந்த எல்எல்விஎம்பைப்தான் விஷயம். கிராபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வரைதல் வேலையைப் புரொசசரை வைத்துச் செய்விக்கிற மென்பொருள் அது. கெட்டது அல்ல, அது இல்லையென்றால் எனக்குத் திரையே வந்திருக்காது. ஆனால் சினமன் போன்ற டெஸ்க்டொப் ஒவ்வொரு விண்டோவையும் தனிப் படமாக வைத்து, எல்லாவற்றையும் அடுக்கி, முழுத் திரையையும் திரும்பத் திரும்ப வரைகிறது. 1024க்கு 768 என்றால் 7,86,432 புள்ளிகள். அசைவு ஓடும்போது அதைச் செக்கனுக்கு அறுபது தரம் வரைய முயல்கிறது. கிராபிக்ஸ் சிப்புக்கு அது பெரிய வேலை அல்ல. எழுத்தை அடிக்கிற, பிரவுசரை ஓட்டுகிற புரொசசரிடமே அதையும் கொடுத்தால், எஞ்சின் பூட்டிய தோணியை மரக்கோல் ஊன்றி வாவியைக் கடக்கிற மாதிரி. அசைவு விளைவுகளை நிற்பாட்டியபோது ஏன் கொஞ்சம் நிம்மதி வந்தது என்பதும் அப்போது விளங்கியது: ஊன்றுகிற தூரம் குறைந்தது.

இன்டெல் புரொசசருக்குள்ளேயே ஹெச்டி 2000 என்று ஒரு கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. அதற்கான ட்ரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடேயே வருகிறது, தனியாகப் போட வேண்டியதில்லை. பிறகு ஏன் 'இல்லை'? கருவிகளையும் அவற்றின் ட்ரைவர்களையும் பட்டியலிடுகிற எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை, ஒரு சின்னக் கோடும் சின்ன கேயும் சேர்த்துக் கொடுத்தேன். விஜிஏ என்று வருகிற பகுதிக்குக் கீழே, பயன்படுத்தக்கூடிய மொடியூல் ஐ915 என்று இருந்தது. அதுதான் இன்டெல்லின் ட்ரைவர். இப்போது பயன்படுகிற ட்ரைவர் என்ற வரி மட்டும் இல்லை. மற்ற எல்லாக் கருவிக்கும் அந்த வரி இருந்தது: சவுண்டுக்கு, நெட்வேர்க்குக்கு, யுஎஸ்பிக்கு. ஆள் வாசலில் நிற்கிறார், உள்ளே வர விடவில்லை.

யார் விடவில்லை? ப்ரொக் ஃபோல்டருக்குள் சிஎம்டிலைன் என்றொரு கோப்பு இருக்கும், கணினி எழும்பும்போது கேர்னலுக்கு என்னென்ன சொல்லி எழுப்பினார்கள் என்பது அதில் இருக்கும். கேட் கட்டளையால் திறந்தேன். ஒரே வரி. வரியின் கடைசிச் சொல் நோமோட்செட்.

கார்த்திகையில் நான் எழுதி வைத்த அதே சொல். செத்துப்போய் லாச்சிக்குள் கிடக்கிற கார்டுக்காகப் போட்ட உத்தரவு, கார்ட் போன பிறகும் இன்டெல்லை வாசலில் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நிர்வாகி அதிகாரம் தருகிற சூடோவை முன்னால் போட்டு டிமெசெக் பார்த்தேன். கேர்னல் எழும்பும்போது எழுதிவைக்கிற குறிப்புகளில் அதுவும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தது: நீங்கள் நோமோட்செட் போட்டு எழுப்பியிருக்கிறீர்கள், அதனால் கிராபிக்ஸ் ட்ரைவர்கள் எல்லாம் நிற்பாட்டப்பட்டுள்ளன, அது என்னவென்று உண்மையில் தெரியாவிட்டால் அதை எடுத்துவிட்டு எழுப்புங்கள். ஏழு மாதமாக இரண்டு இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. நான் எஸ்எஸ்டி வாங்கப் போயிருக்கிறேன்.

அந்தச் சொல்லின் அர்த்தம் இதுதான். திரையின் அளவு, நிறம், புதுப்பிக்கும் வேகம் இவற்றைக் கேர்னல் தானே கிராபிக்ஸ் சிப்போடு பேசி அமைப்பதை மோட் செட்டிங் என்பார்கள். நோமோட்செட் என்றால் அதைச் செய்யாதே. அப்போது மதர்போர்ட் தயார் செய்து கொடுக்கிற ஒரு சாதாரணத் திரைதான் கிடைக்கும். அளவு மாற்ற முடியாது, வரைதல் எல்லாம் புரொசசரின் தலையில். எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையைப் போட்டால் விஜிஏ, ஹெச்டிஎம்ஐ என்று ஓட்டையின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் 'டிஃபோல்ட்' என்று வரும், மேலே காமா அளவைப் பெற முடியவில்லை என்று ஒரு முறைப்பாடும் இருக்கும். எனக்கு இரண்டும் வந்தன. லப்டொப்பில் என்றால் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான்கள் வேலை செய்யாமல் போகலாம், தூங்க வைத்தால் எழும்பாமல் போகலாம். திரை கறுக்கிற கணினிக்குள் எப்படியாவது நுழைவதற்கு அது நல்ல வழி. நுழைந்த பிறகு எடுத்துவிட வேண்டியது. மருமகன் அதைத்தான் கடைசி வரியில் எழுதியிருந்தான், பாவம்.

இங்கே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு அது ஒன்றுதான். கோப்பில் உடனே கை வைக்கவில்லை. ரீஸ்டார்ட் பண்ணி, ஷிஃப்டை அழுத்திப் பிடித்து க்ரப் மெனுவை வரவழைத்து, 'ஈ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்குகிற வரியில் அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு எஃப்10. அந்த மாற்றம் அந்த ஒரு தரத்துக்குத்தான். திரை கறுத்தால் பவரை நிற்பாட்டித் திரும்பப் போட்டால் பழைய மாதிரியே வந்துவிடும். புது மெஷின்களில் ஷிஃப்டுக்குப் பதில் எஸ்கேப்பை அழுத்த வேண்டி வரும்.

கறுக்கவில்லை. ஒரு மினுக்கம், பிறகு லொகின் திரை. எழுத்துகள் சின்னதாக, கூராக. 1600க்கு 900. மூலையில் பெட்டி வரவில்லை. ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு தரம் இழுத்தேன். இரவு பத்து மணிக்குப் பூட்டிய கடைக்குள் ஒரு பொம்பிளை விண்டோவை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. டாப்பில் சினமன் பத்துக்குக் கீழே. அரிசி மில் ஓய்ந்திருந்தது. அப்போதுதான் வெளியே கடலின் சத்தம் கேட்டது.

பிறகு நிரந்தரமாக்குவது. முதலில் டைம்ஷிஃப்டில் ஒரு பிரதி எடுத்தேன். எட்ஸி, டிஃபோல்ட், க்ரப் என்ற பாதையில் இருக்கிற கோப்பை நானோ என்ற எடிட்டரில் திறந்து (காத்தான்குடி நானாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), குவைட் ஸ்பிளாஷ் என்று இருக்கிற வரியில் நோமோட்செட்டை மட்டும் அழித்தேன். மேற்கோள் குறிகளைத் தொடக்கூடாது. சேமித்த பிறகு சூடோ அப்டேட்-க்ரப். இந்தக் கடைசிக் கட்டளையைக் கொடுக்காவிட்டால் கோப்பில் என்ன எழுதினாலும் ஒன்றும் நடக்காது.

இதோடு நின்றிருக்கலாம். வீடியோ ஓடும்போது திரையின் நடுவில் குறுக்காக ஒரு கீறல், மேல் பாதி ஒரு படம், கீழ்ப் பாதி அடுத்த படம் என்று தெரிந்தது. அதைத் திரைக் கிழிசல் என்பார்கள். நோட்டீஸ் அடிக்கிறவளுக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல. ஆனால் கை ருசி கண்டுவிட்டது. திரையை நடத்துகிற எக்ஸ் என்ற மென்பொருளுக்கு, இன்டெல்லுக்கான ட்ரைவரில் டியர்ஃப்ரீ என்ற வசதியைப் போடலாம் என்று படித்து, எக்ஸ்11 ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் கோப்பு எழுதினேன். செக்ஷன் என்று தொடங்கியவள் எண்ட்செக்ஷன் என்று முடிக்க மறந்துவிட்டேன். ரீஸ்டார்ட். லொகின் திரை வரவில்லை. கறுப்பில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது. இரவு பதினொன்றரை, காலையில் கோயில் செயலாளர் வருவார்.

அப்போது உதவியது கன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துவது. கிராபிக்ஸ் இல்லாத ஒரு எழுத்துத் திரை வரும். பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், அந்தக் கோப்பை ஆர்எம் கட்டளையால் அழித்து, ரீபூட். வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆறுதலாக, எண்ட்செக்ஷனோடு எழுதினேன், கிழிசலும் போனது. வேலை நாளுக்கு முந்திய இரவில் எக்ஸ் கோப்புகளைத் தொடாதீர்கள். அந்த மூன்று விசைகளையும் ஒரு துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன். கணினி போன பிறகு அதிலேயே தேட முடியாது அல்லவா.

யூடியூப் இன்னும் 1080இல் திணறும். அங்கே அதிகமாக வருவது விபி9 மாதிரிப் புதிய முறைகளில் சுருக்கிய வீடியோ. ஹெச்டி 2000க்கு வன்பொருளாக விரிக்கத் தெரிந்தது ஹெச்.264 மாதிரிப் பழையவைதான். 720இல் வைத்தால் நிம்மதியாக ஓடுகிறது. இது நோமோட்செட்டின் குற்றம் அல்ல, வயது.

உங்கள் கணினியிலும் எல்எல்விஎம்பைப் என்று வந்து, சிஎம்டிலைனில் நோமோட்செட் இல்லையென்றால் காரணம் வேறாக இருக்கும். கார்ட் மிகவும் புதிதாகவும் கேர்னல் பழையதாகவும் இருக்கலாம், அப்டேட் மனேஜரிலேயே புதிய கேர்னல் கிடைக்கும். நிறுவனத்தின் ட்ரைவர் போட்டவர்களுக்குக் கேர்னல் மாறிய அடுத்த காலையில் திரை போனால், அந்த ட்ரைவர் புதிய கேர்னலுக்குக் கட்டப்படவில்லையா, அல்லது கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கிற செக்கியூர் பூட் அதை மறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேர்னல் க்ரப் மெனுவில் அப்படியே இருக்கும், அதில் எழும்பிவிட்டு ஆறுதலாகத் திருத்தலாம். ராம், டிஸ்க் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம். எனக்குப் போன காசு முழுதாக வீண் இல்லைதான், எஸ்எஸ்டியை இனி யாரும் திருப்பிக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். ஆனாலும் முதல் நாள் டாப்பும் இன்க்ஸியும் பார்த்திருந்தால் அதை அடுத்த வருடம் வாங்கியிருப்பேன்.

செயலாளர் மறுநாள் எட்டு மணிக்கே வந்துவிட்டார். நோட்டீஸ் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. தாளை வாங்கி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மேலே இருந்த முத்திரையைக் கனநேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒரு பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். தைப்பூச நோட்டீஸ்.

"புள்ள, இதில வட்டமா கிடக்கு. அதில ஏன் முட்டை மாதிரிக் கிடக்கு?"

நான் கணினியைப் பார்த்தேன். அது சத்தமே போடவில்லை.